போறேன் என்று யாரும் சொல்லாத சந்தை

மேலக்கரும்பனூர் எலுமிச்சைச் சந்தையில் காலி இடங்கள் கெட்டிப்பட ஆரம்பித்த வருஷம், முதலில் போய் முட்டியவன் சுமைதூக்கும் கொம்பையாதான். தலையில் பழச்சாக்கு, வாயில் வெற்றிலை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு என்று, என்றைக்கும் போகிற பாதையில் என்றைக்கும் போகிற வேகத்தில் போனவன், தராசு மேடைக்கு இந்தப் பக்கம், ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் நெற்றி பட்டென்று மோத மல்லாக்க விழுந்தான். சாக்கு அவிழ்ந்து பழங்கள் தெறித்து ஓடின. ஓடிய பழங்களில் பாதி அந்த ஒன்றுமில்லாததின் அடியில் போய் முட்டி, யாரோ அடுக்கிவைத்த மாதிரி நேர்வரிசையில் நின்றன.

"என்னவே, விடிஞ்சதும் ஊத்திட்டியா?" என்று டீக்கடை ஆவுடையப்பன் கேட்டான்.

கொம்பையா எழுந்து, கையை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டு, "சுவரு மாதிரி இருக்கு. ஆனா சுவரு இல்ல," என்றான்.

ஆளாளுக்கு வந்து தடவினார்கள். வெயில் படாத கல்லைப் போலக் குளிர்ச்சியாக, வழுவழுவென்று, ஓர் ஆள் உயரத்தில், ஒரு கட்டில் அகலத்தில் அது நின்றது. சரி, இனிமேல் சுற்றிப் போக வேண்டியதுதான் என்று ஒருத்தர் சொல்ல, அதுதான் நியாயம் என்று மற்றவர்கள் கலைந்து போனார்கள்.

வெள்ளத்தாய் மட்டும் கலையவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, உள்ளங்கையால் ஓங்கி அதன்மேல் ஓர் அறை விட்டாள். "யாரு இடம் இது?" என்றாள். "கேக்கேன்லா? யாரு இடம்?"

அந்தச் சந்தையில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. தராசு மேடைக்கும் மூன்றாவது தூணுக்கும் நடுவில் ஆறடி. ஆறடிதானே என்று யாராவது சொன்னால் அவனுக்கு அன்றைக்கு நல்ல பொழுது இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் லாரிக்கு அடியில் உருண்ட பழத்தைப் பொறுக்கியவள், பொறுக்கியதற்கு அடி வாங்கியவள், அடித்தவனிடமே மறுநாள் போய் அடிபட்ட பழம் மொத்தத்தையும் விலை பேசி எடுத்தவள், மழைக்கு ஒரு பக்கம் வெயிலுக்கு ஒரு பக்கம் என்று கூடையோடு துரத்தப்பட்டவள், கடைசியில் ஒருநாள் அந்த ஆறடியில் உட்கார்ந்து, "இனிமே என்னை எழுப்பணும்னா நாலு பேரு தூக்கணும், நாலு பேருக்கும் காது இருக்காது" என்று சொல்லி, சொன்னபடியே உட்கார்ந்துவிட்டவள். விலை பேசுகையில் அவளை ஜெயித்த ஆள் ஜில்லாவில் இல்லை. சாமியிடமே பேரம் பேசித்தான் முடி இறக்கினாள். வாங்க வந்தவன் தலையைச் சொறிந்தால் ஒரு விலை, கைக்கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு விலை.

அந்த வருஷம்தான் சந்தையைப் போனுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். சங்கத் தலைவர் தர்மக்கண் அண்ணாச்சி, ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனியைக் கூட்டிவந்து, சங்கக் கட்டடத்தில் கண்ணாடி அறை ஒன்று கட்டி, அதற்குள் ஒரு மெஷினை வைத்து, மெஷினுக்கு வேர்க்காமல் இருக்க ஏசியும் மாட்டியிருந்தார். வெயிலில் நிற்கிற சனத்துக்கு ஒரு தகரக்கொட்டகை போட வக்கில்லாத சங்கம், மெஷினுக்கு ஏசி போட்டது என்று வெள்ளத்தாய் திறப்பு விழாவிலேயே கத்தினாள். மைக் செட் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அதே மைக் செட் சத்தத்தில், அந்த மெஷினை எப்படிப் பயன்படுத்துவது என்று கம்பெனிக்காரர் நெடுநேரம் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

ஆனாலும் பழகிக்கொண்டார்கள். பொத்தான் இல்லை, படிப்பு வேண்டாம், பேசினால் போதும். போன் போட்டால் ஒரு பெண்பிள்ளையின் குரல், "வணக்கம், உங்கள் பேர் என்ன?" என்று கேட்கும். பேரைச் சொன்னால், "உங்களுக்கு இடம் போட்டாயிற்று, விலை கேட்கலாம்" என்று சொல்லும். மதுரையில் இருந்துகொண்டே ஒருத்தன் ஏலம் கேட்கலாம், கட்டிலில் படுத்துக்கொண்டே ஒருத்தன் கேட்கலாம். பேசி முடித்ததும் வெடுக்கென்று போனை வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அத்தனை மரியாதையாகப் பேசுகிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் வைப்பதாவது. "சரி தாயி, வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் வைத்தார்கள்.

கொம்பையா முட்டியதற்குப் பிறகு காலி இடங்கள் நாளுக்கு நாள் பெருகின. தராசு மேடையைச் சுற்றி, லாரி நிற்கிற மண் தரையில், தூண்களுக்கு நடுவில், கழிப்பறைக்குப் போகிற வழியில் என்று காலையில் வந்து பார்த்தால் நேற்று நடந்த பாதை இன்றைக்கு இருக்காது. சனம் அவற்றுக்குக் காலி என்றே பேர் வைத்தது. காலியில் முட்டாமல் இருக்க அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், வழிந்து காய்ந்த கோட்டைப் பார்த்து ஒதுங்கி நடந்தார்கள். சைக்கிளைக் காலியில் சாய்த்தார்கள். ஈரத் துண்டைக் காலியில் காயப்போட்டார்கள். ஆவுடையப்பன் தன் கடைக்குப் பக்கத்துக் காலியின் உச்சியில் டீ கிளாசுகளைக் கவிழ்த்து வைத்தான், அவை அந்தரத்தில் வரிசையாகப் பளபளத்தன. ஓர் ஆடு அதைவிட உயரமான காலியின்மேல் ஏறிப் படுத்து, ஆகாயத்தில் அசைபோட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையைக் காலியில் சாய்த்து உட்காரவைத்தால் சூடு இறங்குகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. பிறகு எவனோ ஒருத்தன் ஒரு காலிக்கு மாலை போட்டான். மறுநாள் இன்னொருத்தன் சூடம் கொளுத்தினான். அதற்கப்புறம் அதில் கை வைத்துத் தள்ளிப் பார்க்கிறவர்களைக்கூட ஊர் முறைக்கத் தொடங்கியது.

வெள்ளத்தாய்க்கு ஆத்திரம் வந்தது காலிகள்மேல் அல்ல, சனத்தின்மேல். ஒரு வாரத்தில் பழகிவிட்டார்களே, மானங்கெட்டவர்கள் என்று வந்தது. காலிகள் பெருகப் பெருக, கூடை வைத்து விற்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக ரோட்டோரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். பஸ் டயர் கூடையை உரசிக்கொண்டு போனது. புழுதி பழத்தின்மேல் படிந்தது. உள்ளே அத்தனை இடமும் ஆளில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தது, வெளியே ஆள் இடமில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தது.

"இல்லாதவனுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கும்பிடுதீய, இருக்கவள பஸ்ஸுக்கு அடியில தள்ளுதீய," என்று அவள் தர்மக்கண்ணிடம் சண்டைக்குப் போனாள்.

"ஏ வெள்ளத்தா, அதெல்லாம் பெரிய பெரிய வியாபாரியளுக்குப் போட்ட இடம்," என்றார் தர்மக்கண். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டபடி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "வாரேன்னு சொன்னவன் வரும்போது இடம் இருக்கணும்லா? நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

"அண்ணாச்சி, அந்த மெஷின ஒருவாட்டி அணைச்சுப் போடுங்க. எல்லாம் சரியாப் போவும்."

"அணைக்கவா? ஏலம் ஓடிக்கிட்டிருக்கு, அத்தன பேரு கணக்கும் அதுக்குள்ள கிடக்கு. அணைச்சா எல்லாம் போச்சு. அணைக்கமாட்டோம்னு கையெழுத்தே போட்டிருக்கோம் தெரியுமா?"

வெள்ளத்தாய் கூடையைக் கொண்டுபோய்ச் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டில் இறக்கினாள். அங்கேயே உட்கார்ந்து, "ஏசியில வெளஞ்ச எலுமிச்சம்பழம், ஏசியில வெளஞ்ச எலுமிச்சம்பழம்" என்று கூவி விற்றாள். வந்தவர் போனவரெல்லாம் சிரித்தார்கள். தர்மக்கண் கம்பெனிக்குப் போன் போட்டு, ஓர் ஆளை அனுப்பச் சொன்னார்.

வந்தவன் பேர் நிஷாந்த். மெஷினுக்குள் ஓடுகிற நிரலை எழுதியவனே அவன்தான். பூனாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பையன். கண்ணாடி போட்டிருந்தான், முதுகில் ஒரு பை, காலில் வெள்ளை ஷூ. ஷூவில் முதல் நாளே அழுகல் பழத்தின் சாறு ஏறியது. அவன் ஒரு காலியைத் தடவிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். அவனும் ஆச்சரியப்படவில்லை. அவன் முகத்தில் இருந்தது வெட்கம்.

"மேடம், இது என் தப்புதான்னு நினைக்கிறேன்," என்றான்.

"மேடமாம்ல, மேடம். எலுமிச்சம்பழம் விக்கவள மேடம்னா நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துதேன்? அக்கான்னு சொல்லு. என்ன தப்பு?"

"அக்கா, ஒவ்வொரு அழைப்பு வரும்போதும் மெஷின் தன் மெமரியில ஒரு இடம் எடுக்கும். அந்த இடத்துக்குள்ள பேருக்கு ஒரு அறை, ஊருக்கு ஒரு அறை, கேட்ட விலைக்கு ஒரு அறை, அடுத்த ஆள் எங்க இருக்காருன்னு கைகாட்ட ஒரு அறை."

"வீடுல்லா கட்டியிருக்க."

"எவ்வளவு நீளமான பேர் வரும்னு எனக்குத் தெரியாது. அதனால எல்லாருக்கும் இருக்கிறதிலேயே பெரிய அளவா எடுத்து வச்சேன்."

"ஒத்த எலுமிச்சம்பழத்துக்கு ஒரு சாக்கு. சரி. ஒன்ன வேலைக்கு வச்சவனச் சொல்லணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது தப்புதான். ஆனா பெரிய தப்பு அது இல்ல. பேசி முடிச்சதும் அந்த இடத்தை மெஷின் விட்டுடணும். விட்டாத்தான் அடுத்தவருக்கு அது கிடைக்கும். இங்க எதையுமே விடல. உள்ள இடம் தீர்ந்துபோச்சு. அதான் வெளியில எடுக்க ஆரம்பிச்சிருக்கு."

வெள்ளத்தாய் யோசித்தாள். "பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்க மாதிரி."

"அதேதான் அக்கா."

"இறங்குதவன் துண்ட எடுத்துக்கிட்டுத்தான எறங்குவான்?"

"எடுக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கேன். ஏன் எடுக்கலன்னுதான் புரியல." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சாயங்காலம்வரை கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நிரலை வரி வரியாக அலசினான். எழுத்தில் ஒரு பிழையும் அகப்படவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளத்தாய் கூடையோடு வந்து, தூணைத் தாண்டித் தன் ஆறடிக்குள் கால் வைத்தாள். கால் போகவில்லை. முழங்கால் இடித்தது. கூடையை இறக்கிவிட்டுக் கையால் தடவினாள். தலைமாட்டில் இருந்து கால்மாட்டுவரை, தூணில் இருந்து தராசு மேடைவரை, ஓர் இஞ்சு பாக்கியில்லாமல் அவளுடைய இடம் கெட்டிப்பட்டு நின்றது. வெள்ளத்தாய் அதை அறைந்தாள். குத்தினாள். தராசுப் படிக்கல்லை எடுத்துவந்து அடித்தாள். சத்தம்கூட வரவில்லை.

"எவன்ல அது? எவன்ல எனக்கு மேல துண்டு போட்டவன்? ஏ நிஷாந்து! வெளிய வா! எவன் பேருல இருக்குன்னு பாத்துச் சொல்லு, இன்னைக்கு அவன் குடல எடுத்து மாலையாப் போடுதேன்!"

நிஷாந்த் தன் கணினியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கணினியைப் பார்த்தான். "அக்கா, உங்க பேர்லதான் இருக்கு."

சந்தை சிரித்த சிரிப்பில் ஆகாயத்தில் படுத்திருந்த ஆடு எழுந்து நின்றது.

"நேத்து சாயங்காலம் நீங்க மெஷின்கிட்ட பேசினீங்களா?"

"பேசுனேன். மதுரக்காரன் என்ன விலை கேட்டான்னு கேட்டேன்."

"முடிக்கும்போது என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லுவாங்க? வாரேன்னு சொன்னேன்."

நிஷாந்த் கணினியை மூடினான். எழுந்து போய்ச் சந்தையின் நடுவில் நின்றான். காலை ஏலத்தின் முதல் சுற்று முடிகிற நேரம். அங்கே கொம்பையா போனில், "சரி தாயி, வாரேன்" என்றான். இங்கே ஆவுடையப்பன், "நாளைக்குப் பேசுவோம், வரட்டா?" என்றான். கூடைக்காரி முப்பிடாதி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்க கண்ணு, போயிட்டு வாரேன்" என்றாள். ஒவ்வொருத்தர் சொன்னதும் எங்கோ ஒரு மூலையில் காற்று மெல்ல இறுகுகிற சத்தம், சோற்றுப்பானை மூடி உட்கார்கிற மாதிரி, டப் டப்பென்று கேட்டது.

"இங்க யாருமே போறேன்னு சொல்றதில்லையா?" என்று அவன் கேட்டான்.

ஒரு கிழவர் எழுந்து காறித் துப்பிவிட்டு உட்கார்ந்தார். "வாயக் கழுவு தம்பி," என்றான் ஆவுடையப்பன். "விடிஞ்சும் விடியாமயும் அந்தச் சொல்ல யாராது சொல்லுவாங்களா?"

"எங்க அம்மாவும் வரேன்னுதான் சொல்லுவாங்க," என்றான் நிஷாந்த், தனக்குத்தானே பேசுகிறவன்போல. "எழுதும்போது எனக்கு அது ஞாபகமே வரல. பேசி முடிச்சவங்க போறேன்னு சொன்னா இடத்தை விடணும், வரேன்னு சொன்னா புதுசா ஒரு இடம் எடுத்துவைக்கணும்னு எழுதிட்டேன்."

அவன் நல்ல பையன், மறைக்கவில்லை. இனிமேல் வாரேன் என்று சொன்னாலும் இடத்தை விடும்படி அன்றைக்கே மாற்றி எழுதிவிடுவதாகச் சொன்னான். ஆனால் ஏற்கெனவே எடுத்துவைத்த இடங்களை அந்தந்தக் குரல்தான் விடவேண்டும். வேறு யார் சொல்லியும் பயனில்லை. ஏலத்துக்குத் திறந்து வைத்திருக்கிற போனில், அவரவர் வாயால், அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும்.

"அவ்வளவுதான? சொல்லுங்க எல்லாரும்," என்றாள் வெள்ளத்தாய்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தனுக்கு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி. ஒருத்தருக்குக் கண் ஆபரேஷன் நாள் குறித்திருந்தது. ஒருத்தன் புது வண்டி எடுத்திருந்தான். காரணம் இல்லாதவர்களும் எதற்கு வம்பு என்று நின்றார்கள். தர்மக்கண் முன்னால் வந்து, "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? காலி பாட்டுக்குக் காலி இருக்கட்டும், நாம பாட்டுக்கு நாம இருப்போம்," என்று சொல்ல, எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். ஒரு சொல்லைச் சொல்ல முடியாத கூட்டம், ஒரு சந்தையையே விட்டுக்கொடுக்கத் தயாராக நின்றது. வெள்ளத்தாய்க்கு அடிவயிற்றில் இருந்து ஏறியது பாருங்கள் கோபம், அது அவளுக்கே புதிது.

அந்தக் கோபத்துக்குள்தான் அவளுக்கு வழி தெரிந்தது. போறேன் என்று தமிழன் நல்ல வாயால் சொல்லமாட்டான். சண்டையில் சொல்லுவான். பேரத்தில் சொல்லுவான்.

முதலில் ஆவுடையப்பனிடம் போனாள். "ஏம்வே, பொண்டாட்டிகிட்ட பேசாத பேச்செல்லாம் சாயங்காலமானா மெஷின்கிட்ட பேசுதீராமே? தாயி தாயின்னு கொஞ்சுதீராமே? டீயில சீனி போடத் துப்பில்ல, மெஷினுக்கு மாப்பிள்ளையா போவ ஆச."

"ஏ வெள்ளத்தா, மரியாத!"

"மரியாதைக்கு எங்க போவேன்? நீரு போடுத டீய ஆட்டுக்கு ஊத்துனா ஆடு கேஸு போடும்."

"ச்சீ, ஒன் மூஞ்சில முழிச்சுக்கிட்டு இந்தச் சந்தையில கடை போடணும்னு எனக்கு என்ன விதியா? நான் போறேன்! போறேன்டி! ஒருநிமிசம் இருக்கமாட்டேன், போறேன்!"

அடுத்த சுற்று ஏலத்துக்காக எல்லோர் பையிலும்போல அவன் சட்டைப்பையிலும் போன் திறந்தே கிடந்தது. அந்தரத்தில் கவிழ்ந்திருந்த கிளாசுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து நொறுங்கின.

பிறகு வெள்ளத்தாயை யாராலும் நிறுத்த முடியவில்லை. கொம்பையாவிடம் அவன் தூக்குவதைவிட அவனைத் தூக்கிக்கொண்டு போன நாள்தான் அதிகம் என்றாள். "எழவெடுத்த சந்தையே வேண்டாம், போறேன்" என்று அவன் சாக்கைக் கீழே போட, ஆட்டுக்கு அடியில் இருந்தது கரைந்து, ஆடு திகைத்த முகத்தோடு ஆகாயத்தில் இருந்து இறங்கியது. போனில் மதுரை வியாபாரியைப் பிடித்து, அவன் வீட்டையே எழுதிக் கேட்கிற மாதிரி ஓர் அநியாய விலையைத் தன் பழத்துக்குச் சொன்னாள். "அப்ப வேண்டாம்மா, நான் போறேன்" என்று அவன் எல்லா வியாபாரிகளும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அவள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தான், அவள் கூப்பிடவில்லை, அவன் இன்னும் கோபமாக இன்னொரு தடவை சொன்னான், பிறகு இன்னொரு தடவை. கிழவரிடம் அவர் மகன்களைப் பற்றிப் பேசினாள். மகன்களிடம் அவர்கள் சொத்தைப் பற்றிப் பேசினாள். போறேன், போறேன், நானும் போறேன், இந்தா போறேன் என்று சந்தை முழுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் கிளம்ப, திரும்புகிற பக்கமெல்லாம் இடம் மூச்சுவிட்டது, சாய்ந்திருந்த சைக்கிள்கள் சரிந்தன, மாலை போட்டிருந்த காலியின் மாலை வாடிய பூவாகத் தரையில் கிடந்தது, ரோட்டோரத்துப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி இடித்தபடி உள்ளே வந்தார்கள்.

தர்மக்கண் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார். "எல்லாரும் இருங்க! இருங்க! நான் தலைவரா இருக்கது பிடிக்கலன்னா சொல்லிருங்க, இந்த நிமிசமே போறேன்!" என்றார். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் சொல்கிற வசனம்தான். ஐயையோ அண்ணாச்சி என்று நாலு பேர் கையைப் பிடிப்பார்கள். அன்றைக்குப் பிடிக்க ஆளில்லை. யாராவது பிடிப்பார்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, அவருடைய காலிகள் சங்க வாசலில் இருந்து வரிசையாக அவிழ்ந்தன.

கடைசியில் மூன்றாவது தூணைச் சுற்றி மட்டும் கெட்டியாக நின்றது. காலையில் வந்த இடுக்கையும் மூடி, வெள்ளத்தாயின் ஆறடிக்குப் போகிற வழி முழுக்க அடைத்து நின்ற காலிகள் எல்லாம் ஒரே குரலுடையவை. முப்பிடாதியினுடையவை.

முப்பிடாதி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறவள். சந்தையில் வெள்ளத்தாய் சண்டை போடாத ஒரே ஆள். ஒரு பொட்டலம் கடலையை இரண்டு பேரும் பாதி பாதி தின்று எத்தனையோ மத்தியானங்கள் கழிந்திருந்தன. ஒற்றை மகன் குவைத்தில் இருந்தான்; அவன் போன் போடுவதில்லை. சாயங்காலமானால் முப்பிடாதி மெஷினைக் கூப்பிடுவாள். விலை கேட்க அல்ல. அது வணக்கம் சொல்லும், பேர் கேட்கும். அதற்காக.

"சொல்லிரு முப்பிடாதி," என்றாள் வெள்ளத்தாய். "ஒரு சொல்லுதான."

"பிள்ள கடல் தாண்டிக் கிடக்கான். நான் அதச் சொல்லமாட்டேன் வெள்ளத்தா. நீ வேணும்னா என் கூடைய எடுத்துக்க."

"கூடைய வச்சு நான் என்ன செய்ய? என் இடம் எனக்கு வேணும்."

"என்னைச் சண்டைக்கு இழுக்காத தாயி. ஒங்கிட்ட எனக்குக் கோபம் வராது."

வராது என்று வெள்ளத்தாய்க்கும் தெரியும். மற்றவர்களிடம் சொன்னதையெல்லாம் இவளிடம் சொன்னால் சிரித்துவிடுவாள் என்றும் தெரியும். எது சொன்னால் சிரிக்கமாட்டாள் என்பது சந்தையில் வேறு யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். ஏறின கோபத்துக்கு இறங்க இடமில்லை. சொன்னாள்.

"ஒம்மவன் அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டு ஒன்னத் தல முழுகிட்டான். ஊரே பேசுது. அந்த மெஷினு ஒங்கிட்ட பேசுதுன்னா, அது மெஷினுங்கதாலதான் பேசுது. மனுசியா இருந்தா அதுவும் போன வச்சிருக்கும்."

முப்பிடாதி கத்தவில்லை. கூடையில் இருந்த பழங்களின்மேல் ஈரச் சாக்கை எடுத்து மூடினாள். சேலை மடிப்பை உதறிச் சரிசெய்தாள்.

"சரி வெள்ளத்தா. நான் போறேன்."

ஒரு சொல்லுக்கு ஓர் இடம் என்றுதான் அதுவரை கழன்றுகொண்டிருந்தது. அவள் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு, தூணைச் சுற்றி நின்ற அவளுடைய அத்தனை இடமும் ஒரே மூச்சில் விழுந்தது. முப்பிடாதி கூடையை எடுத்துக்கொள்ளாமல் நடந்து போனாள்.

வெள்ளத்தாய் தன் இடத்தின் முன்னால் வந்து நின்றாள். மீதி இருந்தது அவளுடையது ஒன்றுதான். சண்டை போடச் சந்தையில் ஆள் இல்லை. போனை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தாள். "தூ, வெள்ளத்தா," என்றாள். "நீயெல்லாம் ஒரு மனுசியா? ஆறடி மண்ணுக்கு அவகிட்டப் போயி அந்தப் பேச்சுப் பேசுன. ஒங்கூட இருக்க எனக்கு வெக்கமா இருக்கு. நான் போறேன். கேட்டியா? போறேன்." முழங்காலை முட்டிக்கொண்டிருந்தது இல்லாமல் போக, அவள் தடுமாறி உள்ளே விழுந்தாள்.

போறேன் என்று போனவர்கள் எல்லோரும் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார்கள். போறேன் என்று சொன்னதால் ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுகப்பிரசவம், கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நிஷாந்த் நிரலை மாற்றி எழுதி, பேருக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும்படி செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பினான். பஸ் ஏறும்போது, "வரேன் அக்கா" என்றான். சனத்துக்குக் காலிகள் மறந்துபோயின. வாங்கிக்கட்டிக்கொண்ட பேச்சு மட்டும் மறக்கவில்லை. சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ராஜினாமா செய்யாத தர்மக்கண் எழுந்து, தொண்டையைச் செருமி, முடிவைச் சொன்னார்.

"வெள்ளத்தாய இந்தச் சந்தையில இருந்து ஒதுக்கி வைக்கதுன்னு எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணியிருக்கோம்."

"ஒதுக்குங்க," என்றாள் வெள்ளத்தாய். "எம்புட்டு ஒதுக்குதீய?"

"என்னது?"

"எத்தன அடி ஒதுக்குதீயன்னு கேக்கேன். ஒதுக்குதோம்னு நீருதான சொன்னீரு? அளவு சொல்லும்."

"ஏளா, நான் சொன்னது அந்த ஒதுக்கு இல்ல..."

"எனக்கு ஒரு ஒதுக்குதான் தெரியும். ஆறடி ஏற்கெனவே இருக்கு. அதச் சேத்துப் பத்தடி ஒதுக்குங்க."

"பத்தடியா?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். "ஏழுக்கு மேல ஒரு அடி கிடையாது!"

அவ்வளவுதான். ஒருத்தன் அளவு சொல்லிவிட்டான் என்றால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பேரம் தொடங்கிவிட்டால் அவளை யார் ஜெயிப்பது? விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பத்தடி படிந்தது. எதற்கு வந்தோம் என்பதே மறந்து, ஒன்பதே முக்காலில் நிறுத்தியிருக்கலாமே என்று ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

ஆறடி அவளுக்கு. பக்கத்தில் நாலடியில் ஒரு சாக்கை விரித்து, முப்பிடாதியின் கூடையை அதன்மேல் வைத்தாள். தினமும் முப்பிடாதியின் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டாள். கூப்பிடும்போதெல்லாம் உள்ளே டிவி சத்தம் கூடியது. தினமும் திரும்பி வந்து சாக்கை உதறி விரித்தாள். "போறேன்னுட்டுப் போனவளுக்கு எதுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்க?" என்று கொம்பையா கேட்டான், கேட்டதற்கு வாங்கிக்கட்டிக்கொண்டான்.

ஆனால் அந்த நாலடி கெட்டிப்படவில்லை. காலையில் அவள் ஆசையாகக் கையை நீட்டித் தடவுவாள். கை காற்றில் போய்வரும். ஆடு அதற்குள் நடந்தது, நாய் படுத்தது, கொள்முதல்காரன் செருப்புக் காலோடு குறுக்கே போனான், புது வியாபாரி ஒருத்தன் மூட்டையை இறக்கப் பார்த்தான். விடியற்காலையில் இருந்து சந்தை கலைகிறவரை வெள்ளத்தாய் கத்திக்கொண்டே இருந்தாள்: "ஏய், கால எடு! ஆளு இருக்கு! கண்ணு அவிஞ்சா போச்சு? ஆளு இருக்குன்னு சொல்லுதேம்லா!" அந்த இடத்தை வைத்துக்கொள்ள அவளிடம் அந்த வாயைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.